கராஜ் பக்கம்: பழைய கெப், புதுக் கை

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில், தோட்டத்துக் கொட்டில்களில் கோழி அடைந்து கிடந்த கெப்களுக்கும் (பின்பெட்டியுள்ள பிக்கப் வண்டிகள்) விலை வந்துவிட்டது. அவற்றை வாங்கித் தாங்களே கழற்றிப் பூட்ட நினைப்பவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

*

தோட்டத்து ஷெட்டில் பத்து வருடமாக நிற்கும் 1986 டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. 2எல் ரக டீசல் எஞ்சின். வேலை பழகுவதற்காக வாங்கலாம் என்றிருக்கிறேன். முதலில் எதைப் பார்ப்பது?
தலவாக்கலை வாசகர்

முதலில் புத்தகத்தைப் பாருங்கள், வண்டியைப் பிறகு பார்க்கலாம். பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸி (அடிச்சட்டம்) இலக்கமும், வலப்பக்க முன்சக்கரத்தருகே சேஸி இரும்பில் அடித்திருக்கும் இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டர் வைக்காதீர்கள், இலக்கமே போய்விடும். எஞ்சின் இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். இந்த வயது வண்டிகளில் எஞ்சின் மாறியிருப்பது சகஜம், ஆனால் மாற்றியதைப் பதியாமல் விட்டிருந்தால் அந்த வேலை உங்கள் தலையில் விழும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தனை வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்காத வண்டி என்றால், நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் கேட்ட பிறகு விலை பேசுங்கள்.

அடுத்தது சேஸி. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் போதும். கெபினுக்குப் பின்னால் சேஸி மேலேறி வளையும் இடம், பின்ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகளின் அடி, கெபின் உட்காரும் ரப்பர்களின் தாங்கி: இந்த மூன்று இடங்களிலும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இரும்பு தகர டப்பா மாதிரி மந்தமாகக் கேட்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள். கெபின் தரை ஓட்டை, கதவின் அடி ஓட்டை எல்லாம் பழகுபவருக்கு நல்ல பாடம். ஆனால் ஸ்பிரிங் கொக்கியருகே சேஸி குத்துப்பட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். முதல் வண்டியில் செய்யக்கூடிய வெல்டிங் அல்ல அது.

எஞ்சின் இறுகியிருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

*

பத்து வருடம் நின்ற 2எல் கெப் ஒன்றை வாங்கினேன், எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது. இழுத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார்கள். செய்யலாமா?
மஸ்கெலியா வாசகர்

செய்யவே கூடாது. இறுகிய எஞ்சினைக் கியரில் போட்டு இழுத்தால் ரிங் உடையும், அல்லது கனெக்டிங் ரொட் வளையும். டைமிங் பெல்ட் பத்து வருடம் ஒரே வளைவில் நின்றிருக்கிறது, அது பல் கழன்றால் வால்வு போய்ப் பிஸ்டனில் இடிக்கும்.

நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றுங்கள். கழற்றிய துளையில் அழுக்கு விழாமல் சுற்றிலும் முதலில் கழுவிக்கொள்ள வேண்டும். டீசலும் ஓட்டோ கியர் ஒயிலும் (ஏடிஎஃப்) சமபங்கு கலந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 20 முதல் 30 மில்லிலீற்றர் ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் சொக்கட் போட்டுக் கையால் அசையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பலம் கொடுக்காமல் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். ஒரு நூலளவு நகர்ந்தாலே பாதி வெற்றி. நகரவில்லையென்றால் திரும்ப ஊற்றி, இன்னும் இரண்டு நாள் விடுங்கள். நீளக் குழாயைச் சொருகி இருவர் தொங்குவது போல்ட்டை முறிக்கும் வழி.

சுற்றத் தொடங்கியதும் அவசரப்பட்டு ஸ்டார்ட்டர் அடிக்காதீர்கள். இந்த வரிசையில் போங்கள். டைமிங் பெல்ட்டையும் அதன் டென்ஷன் புல்லியையும் மாற்றுங்கள். புல்லிகளிலுள்ள டைமிங் அடையாளங்களைச் சேர்த்துப் பெல்ட்டைப் போட்ட பிறகு கிராங்கைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, அடையாளங்கள் திரும்பவும் சேர்கிறதா பாருங்கள். ஒரு பல் தள்ளினாலும் திரும்பக் கழற்றுங்கள். எஞ்சின் ஒயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள்: 15டபிள்யூ-40 டீசல் ஒயில், பில்டரோடு சுமார் 6 லீற்றர், கடைசி அரை லீற்றரை டிப் ஸ்டிக் பார்த்து. டீசல் டாங்கியை இறக்கிக் கழுவுங்கள், பழைய டீசல் அடியில் பாசி மாதிரி சளி கட்டியிருக்கும். பம்பின் டீசல் நிறுத்தும் சொலினொயிட் வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டர் துளைகள் திறந்தபடியே பத்துப் பத்து செக்கனாக ஸ்டார்ட்டர் அடித்து, ஒயில் லாம்பு அணையும்வரை சுற்றுங்கள். துளைகளுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், ஊற்றிய ஒயில் பீய்ச்சிக்கொண்டு வரும். இன்ஜெக்டரைத் திரும்பப் பூட்டும்போது அடியிலுள்ள வாஷர்கள் புதிதாக இருக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் பக்கத்தில் ஒருவர், காற்றுக் குழாயின் வாயை மூடுகிற அளவுப் பலகைத் துண்டோடு நிற்கட்டும். நாட்பட்ட டீசல் பம்ப் உள்ளே ஒட்டிக்கொண்டால் எஞ்சின் கட்டுமீறி உறுமும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றை அடைத்தால் நின்றுவிடும். கையால் அடைக்கப் போகாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகு கம்பிரஷன் பாருங்கள். 2எல் புதிதில் சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 32 கிலோ காட்டும். 20க்குக் கீழே போயிருந்தாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும்.

*

கெப் ஓடுகிறது. டிங்கர் (பொடித் தகடு) வேலைக்குக் கொடுக்கப் போகிறேன். பிரேக் "கொஞ்சம் குறைவு", அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர்.
றம்பொடை வாசகர்

றம்பொடையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது வண்டி ஏறத்தாழ 1,400 மீற்றர் கீழே வருகிறது. சாமானோடு 2 டன் நிறையுள்ள கெப் அந்த இறக்கத்தில் கழற்றிவிட வேண்டிய சக்தி, சுமார் 80 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் முழுக்க உங்கள் டிஸ்க்கிலும் டிரம்மிலும். பெயின்டுக்கு வைத்திருக்கும் காசில் முதல் செலவு பிரேக்குக்குத்தான்.

பிரேக் ஒயிலிலிருந்து தொடங்குங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதில் 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும். மேலே நன்றாகப் பிடித்த பிரேக் இறக்கத்தின் பாதியில் இல்லாமல் போவது இதனால்தான். டொட் 3, டொட் 4 எதுவும் போடலாம். சிலிக்கன் வகையான டொட் 5ஐக் கலக்காதீர்கள்.

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் பிரித்துப் பாருங்கள். உட்சுவரில் நகத்தால் வருடினால் தடங்கும் குழி இருந்தால் ரப்பர் கிட் போட்டுப் பயனில்லை, ஒரு மாதத்தில் கசியும், சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களை வெளியே வெடிப்பில்லை என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே வீங்கி ஒருவழி வால்வு மாதிரி வேலை செய்யும்: மிதித்தால் ஒயில் போகும், காலை எடுத்தாலும் திரும்பாது, அந்தச் சக்கரம் பிடித்தபடியே ஓடிக் காயும். டிரம் கடைந்தால் எதுவரை கடையலாம் என்ற விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும், லேத் கடைக்காரருக்கு அதைக் காட்டுங்கள்.

பிரேக் குழாய்களில் காற்று எடுப்பது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து: நம் வண்டிகளில் பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம்.

இனி, மலைநாட்டுக் கெப்களில் அடிக்கடி காணும் இரண்டு விஷயங்கள்.

ஒன்று, மரக்கறி மூட்டைக்காகப் பின்ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை சொருகுவது. பல கெப்களில் பின் அக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு கம்பி, அதன் நுனியில் பாரத்தைப் பார்த்துப் பிரேக்கைப் பகிரும் வால்வு ஒன்று இருக்கும். பாரம் ஏறிச் சேஸி தாழ்ந்தால் பின்சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் கொடுக்கும். பட்டை கூட்டியதும் எவ்வளவு ஏற்றினாலும் சேஸி தாழாது. வால்வு, வண்டி வெறுமையாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். முழுப் பாரத்தையும் முன்பிரேக் சுமக்கும், அதுதான் முதலில் காயும். கூட்டிய பட்டையைக் கழற்றுங்கள், இல்லையென்றால் அந்தக் கம்பியின் நீளத்தைத் தெரிந்தவரிடம் சரிசெய்யுங்கள்.

இரண்டு, வெக்கும் (வெற்றிட) பம்ப். டீசல் எஞ்சினில் பெடலை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கான வெக்குமை, ஓல்டனேற்றரின் முதுகில் பூட்டிய சின்னப் பம்ப் எடுக்கிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜோடு பூஸ்டரும் போகும், பெடல் கல்லாகிவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கைந்து தரம் பெடலை மிதியுங்கள், பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப், ஹோஸ், ஒருவழி வால்வு மூன்றையும் பாருங்கள்.

ஹேண்ட்பிரேக்கைக் கேபிளில் முறுக்கி இறுக்குவது ஏமாற்று வேலை. முதலில் டிரம்முக்குள் ஷூவை அட்ஜஸ்ட் செய்து, கடைசியில்தான் கேபிள்.

*

லயத்து முற்றத்தில் வேலை செய்கிறேன். சமதரை கிடையாது. ஜக் போட்டால் வண்டி நகர்கிறது.
ஹட்டன் வாசகர்

ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில்தான் பிடிக்கிறது. பின்னால் ஒரு சக்கரத்தைத் தூக்கியதும் அந்தப் பிடி பாதியாகிவிடும், கியரில் போட்டிருந்தாலும் டிஃபரென்ஷல் வழியாக வண்டி உருளும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கும். மண் தரையில் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் 50 மில்லிமீற்றர் தடிப்புப் பலகை. ஸ்டாண்ட் இல்லாமல் ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது. கழற்றிய சக்கரத்தையும் சேஸிக்கடியில் தள்ளிவையுங்கள். சரிவு அதிகம் என்றால் கோவில் முன்றலோ ரோட்டோரச் சமதரையோ கேட்டு வாங்கி, அன்று அடிவேலையை மட்டும் முடித்துவிடுங்கள்.

*

ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கிறது. தேமோஸ்டெட்டை (சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு) கழற்றி எறியச் சொன்னார்கள், எறிந்தும் கொதிக்கிறது.
வெலிமடை வாசகர், தினமும் நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றுபவர்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றர் மூடி 0.9 கிலோ அழுத்தத்தைப் பிடித்துவைத்தால்தான் அது 110 பாகையைத் தாண்டும். ஆகவே முதலில் மாற்ற வேண்டியது மூடி. ரப்பர் காய்ந்த மூடியோடு கொழும்பில் ஓடும் வண்டி இங்கே கொதிக்கும்.

தேமோஸ்டெட்டைத் திரும்பப் போடுங்கள். பல எஞ்சின்களில் அதன் அடியில் இரண்டாவது வால்வு ஒன்று, சூடானதும் பைபாஸ் வழியை மூடுவதற்காக இருக்கும். தேமோஸ்டெட் இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதன் பிறகு பேன் கிளச்: நன்றாகச் சூடான எஞ்சினை நிறுத்திக் கையால் பேனைச் சுற்றினால் தடங்கல் தெரிய வேண்டும், சும்மா சுழன்றால் உள்ளிருக்கும் சிலிக்கன் வடிந்துவிட்டது. ரேடியேற்றரை எஞ்சின் சூட்டில் இடமிடமாகத் தொட்டுப் பாருங்கள் (பேன் நின்ற பிறகு), குளிர்ந்த இடம் அடைத்த இடம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) சந்தேகிக்க வேண்டியதுதான். காலையில் குளிர்ந்த எஞ்சினின் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் கஸ்கட் போயிருக்கிறது, அல்லது ஹெட் வெடித்திருக்கிறது. 2எல் ஹெட்டில் இரண்டு வால்வுக்கும் நடுவே வெடிப்பு வரும். கழற்றினால் கஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்டிவிடாமல், ஹெட்டை அழுத்தச் சோதனை செய்யும் லேத் கடைக்குக் கொண்டுபோங்கள். புதுக் கஸ்கட் பழையதன் தடிப்பிலேயே இருக்க வேண்டும். விளிம்பிலுள்ள அடையாளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

*

காலைக் குளிரில் பத்துத் தரம் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பிறகு நாள் முழுக்கப் பிரச்சினையில்லை.
நுவரெலியா வாசகி

முதலில் ஒரு சோதனை. இரவில் கெப்பை மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துகிறீர்களா? இரண்டு நாள் மூக்கைப் பள்ளத்தைப் பார்க்க நிறுத்திப் பாருங்கள். அப்படி நிறுத்தினால் உடனே ஸ்டார்ட் ஆகிறதென்றால் குறை ஹீட்டர் பிளக்கில் (குளிரில் சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக்) இல்லை. எங்கோ ஒரு கிளிப்போ ஹோஸோ காற்றை விடுகிறது, டீசல் இரவோடிரவாகப் பின்னாலுள்ள டாங்கிக்கு வடிந்துவிடுகிறது. பில்டர் தலையிலுள்ள கைப்பம்பைக் காலையில் பத்துத் தரம் அழுத்திவிட்டு அடித்தாலும் அதே விடைதான் தெரியும். பம்புக்குப் போகும் ஹோஸில் ஒரு சாண் கண்ணாடி ஹோஸைச் சொருகினால் குமிழியைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எப்படி நிறுத்தினாலும் ஒரே மாதிரி என்றால் ஹீட்டர் பிளக். மேலே நான்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பற்றரி பொசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரியாத பிளக் செத்தது. பட்டையைக் கழற்றாமல் பார்த்தால் ஒன்று நல்லதென்றாலும் நான்கும் எரியும். வாங்கும்போது வோல்ட் அளவைப் பாருங்கள். 6 வோல்ட் வகைக்கு நேரே 12 வோல்ட் கையழுத்துச் சுவிட்ச் போட்டால் சீக்கிரமே நுனி உருகும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள்: சிவந்த ஹீட்டர் பிளக்கில் அது பட்டால் பிஸ்டன் உடைய வாய்ப்புண்டு.

*

பின்பெட்டித் தரையும் கெபின் தரையும் சல்லடை. தகரம் வைத்து ரிவிட் அடித்துப் புட்டி பூசினால் போதாதா?
பண்டாரவளை வாசகர்

போதாது. அந்தக் கெப் உரம் ஏற்றியதாக இருக்கும். பொட்டாசியம் குளோரைட், அமோனியம் சல்பேட் இரண்டும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், குளோரைட் இரும்பை உப்பு மாதிரியே தின்னும். தகரத்தை மேலே வைத்து மூடினால் நடுவில் உரத்தூள் இருந்துகொண்டே இருக்கும். முதலில் பெட்டியைக் கழற்றி, மூலைமுடுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சி நாலைந்து தரம் கழுவிக் காயவிடுங்கள்.

வெட்டுவது துருப் புள்ளி தெரியும் இடம்வரை அல்ல. அதைத் தாண்டி வெள்ளி மாதிரி மின்னும் இரும்பு வரும்வரை. கெபின் தரைக்கு 1.2 மில்லிமீற்றர் தகடு, கதவுக்கும் மட்காட்டுக்கும் 0.9. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு பொட்டு வெல்ட். ஒரே வரியாக இழுக்காமல், இந்த மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று என்று மாறி மாறி வைத்துச் சூடு ஆறவிட வேண்டும். இல்லையென்றால் தகடு அப்பளம் மாதிரி நெளியும். வெல்டிங்குக்கு முன் பற்றரி வயரையும் ஓல்டனேற்றர் பிளக்கையும் கழற்றுங்கள். தரைவிரிப்பை முழுக்க வெளியே எடுத்து, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். டீசல் டாங்கியை வெல்ட் செய்யக் கேட்பவர்களும் உண்டு. காலியான டாங்கிதான் வெடிக்கும், மாற்றுங்கள்.

வெறும் இரும்பின் மேல் எபொக்சி பிரைமர், அதன் மேல்தான் புட்டி, அதுவும் 3 மில்லிமீற்றருக்குள். சேஸிக் குழிக்குள் பழைய எஞ்சின் ஒயில் தெளிக்கும் வழக்கம் இங்கே உண்டு. அது புஷ் ரப்பர்களை ஊதவைக்கும், தோலுக்கும் கெடுதி. கெவிட்டி வெக்ஸ் (துருத் தடுக்கும் மெழுகு) தெளியுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

*

வீட்டிலேயே ஸ்ப்ரே செய்தேன். காய்ந்ததும் பெயின்ட் வெள்ளை பூத்துவிட்டது.
ஹப்புத்தளை வாசகர்

மிஸ்ட் இறங்கிய நேரத்தில் அடித்திருக்கிறீர்கள். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது, காற்றின் ஈரம் பெயின்டின் மேல் படிகிறது. மிஸ்ட் இல்லாத நாளில், காலை பத்துக்கும் பகல் இரண்டுக்கும் இடையில், வெயிலில் வைத்துத் தகடு கைக்குச் சூடு தெரிந்த பிறகு அடியுங்கள். மெதுவாக ஆவியாகும் தின்னர் வாங்குங்கள். கம்பிரஸர் டாங்கியின் தண்ணீரை அரை மணிக்கொருதரம் வடித்துவிடுங்கள். பூத்த பெயின்டை இரண்டு நாள் காயவிட்டு 800 பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் திரும்ப அடிக்கலாம். ஹார்ட்னர் கலக்கும் டூ-கே பெயின்ட் என்றால் வீட்டில் வேண்டாம்: அதன் புகைக்குத் துணி மாஸ்க் எந்தப் பாதுகாப்பும் இல்லை, கராஜில் கொடுங்கள். நிறத்தை மாற்றினால் புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

*

கியர் பெட்டிக்கும் டிஃபரென்ஷலுக்கும் ஒரே ஒயில் ஊற்றலாமா?
பதுளை வாசகர்

டிஃபரென்ஷலுக்கு ஜீஎல்-5 தர ஒயில், 80டபிள்யூ-90. கியர் பெட்டிக்கு ஜீஎல்-4. ஜீஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மானம் சில பெட்டிகளின் பித்தளை ரிங்குகளை அரிக்கும். இரண்டாம் கியர் கரகரக்கத் தொடங்கும். எதை ஊற்றினாலும், பழையதை வடிக்கும் முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். வடித்த பிறகு அது இறுகிக்கொண்டால் கெப் அங்கேயே நிற்கும்.